வேலூர் வெயிலில் சத்தமில்லாத கம்ப்யூட்டர்

இந்த முறை தபாலிலும் மெயிலிலும் வந்தவை பெரும்பாலும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றிய கேள்விகள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், விவரமாக எழுதியவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை நானே அசெம்பிள் செய்யப் போகிறேன். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், பி650 மதர்போர்டு (பழைய ஸ்டாக், விலை குறைத்துத் தருகிறார்கள்), ஆர்டிஎக்ஸ் 5080 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் நாலு, 360 எம்எம் வாட்டர் கூலர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட், 850 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி). வீடு முதல் மாடி, மேலே மொட்டை மாடி. அதே அறையில் எட்டு மாதக் குழந்தை தூங்குவதால் சத்தமே வரக்கூடாது. இதெல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துமா?
— காட்பாடி வாசகர்

பதில்: பிராசஸர் உட்காரும் சாக்கெட் பொருந்தும், ரேம் பொருந்தும், கார்டும் செருகினால் உட்காரும். பொருந்தாதது உங்கள் அறைதான்.

கூலரோ ஃபேனோ எதையும் குளிரவைப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றை எடுத்துச் சூடான உலோகத்தின் மேல் தள்ளுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. யூடியூபில் நாம் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி ஏசி அறையில் நடப்பவை. அங்கே ஒரு கார்டு 65 டிகிரி காட்டினால், அறையைவிட 42 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 42 அப்படியே நம் ஊருக்கும் வரும். 37 டிகிரி அறையில் அதே கார்டு, அதே ஃபேன் வேகத்தில், 80-ஐ நெருங்கிவிடும். அப்படி நெருங்க விடக்கூடாது என்று ஃபேன் வேகமெடுக்கும், சத்தமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கத்திரி வெயிலில் பேப்பரில் ‘வேலூரில் வெயில் சதம்’ என்று போடுவார்களே, அந்த நாளில் இரவு பத்து மணிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் போல இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரியில்தான் கக்குகிறது, நீங்கள் விளையாட உட்கார்வதும் அப்போதுதான்.

ஆகவே எந்தப் பொருளை வாங்கினாலும் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை வாட்?’ என்பதுதான். 5080 முழு வேகத்தில் 360 வாட் இழுக்கும், அதற்கு ஒருபடி கீழே இருக்கும் 5070 டிஐ 300 வாட். இழுத்த கரண்ட் முழுவதும் கடைசியில் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் வரும், வேறு எங்கும் போகாது. கார்டு, பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்து 500 வாட் என்றால் குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டு வைத்த கணக்கு. 5080 வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கி வையுங்கள், 290 வாட்டுக்குள் நிற்கும். வேகத்தில் போவது சில சதவீதம்தான், விளையாடும்போது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு நன்றாகத் தெரியும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 படம் காட்டுவது என்றால், கார்டு வரையும் படங்களையும் (ஃபிரேம்) அதற்கு மேல் போகாமல் பூட்டி விடுங்கள். மானிட்டர் காட்டாத ஃபிரேமை உருவாக்கக் கார்டு வேர்ப்பது வீண்.

சத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்லும் பாதிக் கதை தானாகவே உதிர்ந்துவிடும். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும், 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்கு அது பாதிச் சத்தம். ஆனால் ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் ஒன்று ஓடுவதைவிடக் கூடுவது 3 டெசிபல்தான். அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? ஒரு ஃபேனை அலறவிடுவதைவிட மூன்று ஃபேனை முனகவிடலாம். அதுவும் 120 எம்எம்மைவிட 140 எம்எம் நல்லது, அதே காற்றைக் குறைந்த சுற்றில் தள்ளிவிடும்.

இன்னொன்று, தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஓடாமல் நம் பக்கத்தில் யார் வீட்டில் குழந்தை தூங்குகிறது? அந்தச் சத்தத்துக்குக் கீழே உங்கள் கேபினெட் நின்றால் போதும். ஐரோப்பாவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நிசப்தத்தில் உட்கார்ந்திருப்பவர் தேடும் அமைதியை நாம் காசு கொடுத்து வாங்கினாலும் கேட்க முடியாது. அதனால் ‘சைலன்ட் எடிஷன்’ என்று உள்ளே பஞ்சு ஒட்டி நாலு பக்கமும் மூடிய கேபினெட்டுக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். நம் வெயிலில் அது வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஃபேன்கள் இன்னும் வேகமாக ஓடும், கடைசியில் பஞ்சு அடக்கிய சத்தமும் ஃபேன் கூட்டிய சத்தமும் சரிக்குச் சரி. உங்கள் கண்ணாடி கேபினெட்டும் கிட்டத்தட்ட அதே கதைதான். பார்க்க மீன்தொட்டி போல அழகாக இருக்கும், ஆனால் முன்பக்கம் காற்று நுழைய வழியில்லை. முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேபினெட்டாகப் பாருங்கள். தூசி வடிகட்டி கழற்றி அலசுகிற மாதிரி இருக்கட்டும், பாலாற்றில் தண்ணீர் வராத மாதங்களில் நம் ஊர்க் காற்றில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

வாட்டர் கூலர் வேண்டாம் என்பது என் கட்சி. 9800எக்ஸ்3டி-க்குப் பெட்டியில் 120 வாட் என்று போட்டிருந்தாலும் விளையாட்டில் அது அதைவிட நன்றாகக் குறைவாகவே இழுக்கும். அதற்கு 360 எம்எம் ரேடியேட்டர் என்பது கொசுவை அடிக்க உலக்கை எடுப்பது. தண்ணீர் ஓடினாலும் அறை வெப்பத்துக்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்காது, அதுவும் காற்றை நம்பித்தான் இருக்கிறது. தவிர பம்ப் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். பகலில் தெரியாது, நடு ராத்திரியில் தலையணை பக்கத்தில் அந்த ரீங்காரம் கேட்க ஆரம்பித்தால் அப்புறம் அது மட்டும்தான் கேட்கும். இரண்டு கோபுரம் வைத்த பெரிய ஏர் கூலர் ஒன்று போதும்.

ஆனால் வாங்கும் முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். நான் இதில் அடிபட்டவன். 165 மில்லிமீட்டர் உயரக் கூலர் வாங்கி வந்து மாட்டி, வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி, திருகெல்லாம் முடுக்கி, பக்கவாட்டு மூடியைச் சாத்தினால் சாத்தவில்லை. கேபினெட் தருவது 160. அந்த ஐந்து மில்லிமீட்டருக்காக மூன்று வாரம் திறந்தே கிடந்தது. மூன்றாவது வாரம் ஒரு பல்லி உள்ளே போய்க் கார்டின் முதுகில் சுகமாகப் படுத்திருந்தது, அதற்கு அந்தச் சூடு பிடித்துவிட்டது போல. தப்பு கூலர் செய்தவர் மேலோ கேபினெட் செய்தவர் மேலோ இல்லை, இரண்டு பெட்டியிலும் அளவு அச்சடித்துத்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. இதே மாதிரி, கூலரின் முன் ஃபேன் ரேமுக்கு மேலே வந்து உட்காரும். ரேம் தலையில் கிரீடம் மாதிரி லைட் வைத்ததாக இருந்தால் ஃபேன் மேலே தூக்கிக்கொள்ளும், உயரம் மறுபடி கூடிவிடும். மொட்டையான ரேம் வாங்குங்கள்.

ரேம் என்றதும், நாலு 16 வேண்டாம், இரண்டு 32 வாங்குங்கள். இந்தப் பிராசஸர் இரண்டு ரேமுக்கு 5600 வேகம் வரை அதிகாரபூர்வமாகத் தாங்கும். நாலு போட்டால் அந்த உத்தரவாதம் 3600-க்கு விழுந்துவிடும். நாலும் ஓடும்தான், ஆனால் நீங்கள் கொடுத்த காசின் வேகத்தில் ஓடுமா என்பது அதிர்ஷ்டம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அதிர்ஷ்டத்தை நம்பி வாங்குகிற பொருளாக அது இல்லை. 6000 வேகம், சிஎல்30 (ரேம் பதில் சொல்ல எடுக்கும் தாமதத்தின் எண்), எக்ஸ்போ (அந்த அதிகாரபூர்வ எல்லையைத் தாண்டி ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் வசதி) என்று எழுதிய ஒரு ஜோடி போதும், பயாஸில், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளில், போய் எக்ஸ்போவை ஆன் செய்ய மறக்க வேண்டாம். முதல் தடவை சுவிட்ச் போட்டதும் திரை கறுப்பாகவே சில நிமிடம் இருக்கும், போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். போன மாதம் ஒரு தம்பி ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து ‘அண்ணா, எல்லாம் போச்சு’ என்று அழாத குறை. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் வந்துவிட்டது.

பி650 பழைய ஸ்டாக் என்கிறீர்கள், உங்கள் பட்டியலில் உண்மையான பொருத்தச் சிக்கல் அங்கேதான். பி650 போர்டுகள் வந்தது 2022 அக்டோபரில், உங்கள் பிராசஸர் வந்தது 2024 நவம்பரில். பழைய பயாஸோடு பெட்டியில் தூங்கிய போர்டுக்கு இந்தப் பிராசஸர் யார் என்றே தெரியாது, ஆன் ஆகாது. பிராசஸர் இல்லாமலே பென்டிரைவில் இருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் அந்த மாடலின் பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாக எடுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரையே ஏற்றித் தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் அந்தத் தள்ளுபடி தள்ளுபடியே இல்லை.

எஸ்எம்பிஎஸ் 850 வாட் சரி, 5080-க்கு அதைத் தயாரிக்கும் என்விடியா சொல்வதும் அதுதான். பாதிச் சுமையில் ஓடுவதால் அதன் ஃபேன் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஆனால் ஏடிஎக்ஸ் 3.1 என்று போட்டதாக வாங்கினால் கார்டுக்குப் போகும் 16 பின் வயர் அதிலேயே நேராக வரும், இடையில் ஒட்டுப்போட்ட அடாப்டர் தேவைப்படாது. அந்த வயரைப் பாதி செருகிவிட்டுப் போனால் சூடேறி உருகும், உலகம் முழுக்க உருகியிருக்கிறது. இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள், செருகிய இடத்திலிருந்து மூன்று, நாலு சென்டிமீட்டராவது நேராகப் போன பிறகுதான் வளைக்க வேண்டும். கேபினெட் ஒடுக்கமாக இருந்தால் மூடியே அந்த வயரை அழுத்தி வளைத்துவிடும். அதனால் கார்டின் நீளத்தை மட்டும் பார்க்காமல் கேபினெட்டின் அகலத்தையும் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்னத் தொல்லை. இப்போது வரும் கார்டுகள் 50, 60 டிகிரி வரை ஃபேனைச் சுற்றவே விடாது. குளிர்ந்த ஊரில் அது வரம். நம் மே மாதத்தில் சும்மா இருக்கும்போதே கார்டு அந்த எல்லையில்தான் நிற்கும், ஃபேன் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். குழந்தையை எழுப்புவது ஒரே மாதிரி வரும் சத்தம் இல்லை, இப்படி விட்டு விட்டு வரும் சத்தம். அந்த வசதியை அணைத்துவிட்டு எப்போதும் 30 சதவீதத்தில் மெதுவாகச் சுற்றும்படி வையுங்கள்.

கேள்வி: விளையாடும்போது கார்டிலிருந்து ‘கீ...’ என்று மெல்லிய சத்தம். ஃபேன் இல்லை, கையால் நிறுத்திப் பார்த்தேன்.
— வாணியம்பாடி வாசகர்

பதில்: ஃபேனைக் கையால் நிறுத்தாதீர்கள் ஐயா. அது கார்டில் இருக்கும் காயில்கள் கரண்ட் ஏற இறங்க அதிர்வதால் வரும் சத்தம், பழுது இல்லை. மெனு திரையில் நின்றுகொண்டிருக்கும்போது அதிகமாகக் கேட்கிறதா? அங்கே நூற்றுக்கணக்கில் ஃபிரேம் ஓடும். ஃபிரேமைப் பூட்டினால் பாதி தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், ஆனால் இதை வாரன்டியில் எடுத்துக்கொள்ளப் பல இடங்களில் மறுப்பார்கள்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தனியாக 600 விஏ யூபிஎஸ்ஸும் வைத்தேன். 5070 டிஐ கார்டு போட்ட பிறகு கரண்ட் போனால் விளையாட்டின் நடுவில் ‘டப்’ என்று அணைந்துவிடுகிறது. விளையாடாதபோது அணைவதில்லை. யூபிஎஸ் கெட்டுவிட்டதா?
— குடியாத்தம் வாசகர்

பதில்: அது கெடவில்லை, மூச்சு வாங்குகிறது. 600 விஏ என்பது 600 வாட் இல்லை, அந்த அளவு யூபிஎஸ்ஸில் பின்னால் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். உங்கள் கார்டு ஒன்றே 300. விளையாடாதபோது மொத்தமே 100 வாட் பக்கம்தான் என்பதால் தாங்குகிறது.

இரண்டாவது விஷயம் கரண்டின் அலை வடிவம். விலை குறைந்த யூபிஎஸ்களும் பழைய இன்வெர்ட்டர்களும் பேட்டரியில் ஓடும்போது சதுரமான அலையைத்தான் தரும். நல்ல எஸ்எம்பிஎஸ்கள் வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையை எதிர்பார்க்கும், சதுர அலை சுமையோடு சேர்ந்து வந்தால் சில முரண்டு பிடித்து அணைந்துவிடும். ‘ப்யூர் சைன் வேவ்’ என்று எழுதிய, 600 வாட்டுக்குக் குறையாத யூபிஎஸ் ஒன்று வாங்கினால் உங்களுக்குப் போதும். விஏ எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சைன் அலை தருவதாக இருந்தால் அதன் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், ஒரு பக்கம் யூபிஎஸ் என்றும் இன்னொரு பக்கம் நார்மல் அல்லது இன்வெர்ட்டர் என்றும் போட்டிருக்கும். பல வீடுகளில் மாட்டியவர் நார்மலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நார்மலில் கரண்ட் மாறுவதற்கு ஆகும் தாமதம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் தெரியாது, ஆனால் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஒரு 16, 17 மில்லி செகண்ட் மட்டுமே. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் அதற்குள் மாறிவிடும். இன்வெர்ட்டர் எத்தனை வாட் தாங்கும், அதே நேரத்தில் மிக்ஸியும் ஓடுமா என்பதை வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. டெஸ்டர் வைத்தால் லைட் எரிகிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றியும் அதேதான்.
— ராணிப்பேட்டை வாசகர்

பதில்: மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ் இல்லை, உங்கள் வீட்டு எர்த். எஸ்எம்பிஎஸ் உள்ளே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் நன்றாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230-இல் பாதி, 115 வோல்ட் பக்கம், பாடியிலேயே நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு போகிறது. ஆனால் இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளை எர்த் இல்லாமல் ஓட்டுவது சரியில்லை, நாளைக்கு வேறு எங்காவது உண்மையாகவே லைன் பாடியில் பட்டால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள், இரண்டு பின் ப்ளக்கில் மூன்று பின்னைச் செருகி வைத்திருந்தால் சிக்கல் அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்டு எடுத்த எர்த் குழி கோடையில் காய்ந்து போயிருக்கும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினதும் சரியான வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் செய்யவே கூடாது. சிலர் ப்ளக் பாயின்ட்டுக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து ‘சரி பண்ணிட்டேன்’ என்பார்கள். நியூட்ரல் அறுந்த அன்றைக்குக் கேபினெட்டே லைனாகிவிடும்.

கேள்வி: என் மகன் மூன்று வருடப் பழைய கம்ப்யூட்டர் ஜெட் மாதிரி கத்துகிறது, சத்தம் இல்லாதது புதிதாக வாங்க இரண்டரை லட்சம் ஆகும் என்கிறான். கத்துவது உண்மைதான், பக்கத்து அறையில் எனக்கே கேட்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமா?
— ஆற்காடு வாசகி

பதில்: அம்மா, பையன் சத்தத்துக்காகக் கேட்கிறானா, புதுக் கார்டுக்காகக் கேட்கிறானா என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். சத்தம்தான் காரணம் என்றால் ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும் வேலை.

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேசைக்குக் கீழே மரக் கதவு போட்ட அறைக்குள் என்றால் முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள், தான் விட்ட சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் மூடியைத் திறந்து தூசி. மூன்று வருடத்தில் கூலரின் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும், விரலால் உரித்தால் ஒரே துண்டாக வரும். ப்ளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். பிராசஸர் மேல் பேஸ்ட் காய்ந்திருக்கும், புதிதாகத் தடவ வேண்டும். ஃபேன்களை பயாஸில் மெதுவாக்க வேண்டும், மேலே காட்பாடி வாசகருக்குச் சொன்னபடி ஃபிரேமைப் பூட்ட வேண்டும். ‘கட கட’ என்று ஒரு சத்தம் தனியாக வந்தால் அது பழைய ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி மாற்றினால் போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் அவன் புதிது கேட்டால் காரணம் சத்தம் இல்லை. அப்போது மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு நீங்களும் அவனும் பேசிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு இடமில்லை.

கேள்வி: கலர் லைட் ஃபேனின் வயரை போர்டில் எங்கே மாட்டுவது? இரண்டு இடம் இருக்கிறது, இரண்டிலும் ஆர்ஜிபி என்றே போட்டிருக்கிறது.
— ஆம்பூர் வாசகர்

பதில்: மூன்று ஊசி உள்ளது 5 வோல்ட், நாலு ஊசி உள்ளது 12 வோல்ட். உங்கள் ஃபேன் இப்போதைய மாடல் என்றால் பெரும்பாலும் மூன்று ஊசிதான், நாலாவது இருக்க வேண்டிய இடம் அடைத்திருக்கும். அதை 12-இல் அழுத்தித் திணித்தால் லைட் எரியும், ஒரே ஒரு தடவை.